சிசுவின் சருமமும் நற்காப்புப் பொருட்களும்

கண்டியை அடுத்த அக்குறணையில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த செய்தி பரவியதும் உறவினரும் அயலவரும் பார்க்க வருவதும், வருகிறவர்கள் வெறுங்கையுடன் வர மனமில்லாமல் கண்ணாடித்தாள் சுற்றிய பரிசுப் பெட்டியொன்றைத் தொட்டிலருகே வைத்துவிட்டுப் போவதும் நம்மவரிடையே நெடுநாளாக நிலவும் நல்ல வழக்கங்கள். அந்தப் பெட்டியில் சவர்க்காரம், ஷாம்பு, லோஷன், கிறீம், பவுடர், கொலோன் என்று ஐந்தாறு பொருட்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்கும் வேளைக்குள் இப்படிப்பட்ட பெட்டிகள் மூன்று நான்கு சேர்ந்துவிடும்; வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மாமாவோ சாச்சாவோ கொண்டுவந்த புட்டிகளும் அவற்றோடு கூடினால், இன்னும் கண் திறந்து உலகைச் சரிவரப் பார்க்காத ஒரு ஜீவனைச் சுற்றி, ஒரு சிறு கடையில் வைக்கத்தக்க அளவு பூச்சுப் பொருட்கள் நிறைந்துவிடும்.

இவற்றுள் எதை உபயோகிக்கலாம், எதை விலக்க வேண்டும் என்ற கேள்வி எழும்போது தாய்மார் இருவேறு பிழைகளில் ஒன்றில் விழுவதைக் காண்கிறோம். புட்டியின் மேல் சிரிக்கும் குழந்தையின் படமிருந்தால் போதும், உள்ளிருப்பதெல்லாம் சுத்தமானதே என்று நம்புவது ஒரு பிழை. யாரோ அனுப்பிய செய்தியைப் படித்து, பூச்சுகள் கெட்டுப்போகாமல் காக்கச் சேர்க்கும் நற்காப்புப் பொருள் என்ற பெயருடைய யாவும் நஞ்சே என்று அஞ்சி, அவை சேராதது என்று சொல்லி விற்கப்படும் எந்தக் கலவையையும் சிசுவின் உடம்பில் பூசிவிடுவது மற்றொரு பிழை. இவ்விரண்டுக்கும் நடுவே நிதானமான ஒரு பாதை உண்டு. அவசியத்தை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பொருளைப் பிறகு தெரிவு செய்வதே அந்தப் பாதை. இவ்வத்தியாயம் முழுவதும் அதனையே விளக்க முற்படுகிறது.

சிசுவின் சருமம் எத்தகையது

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் சருமம் பார்வைக்கு முழுமையாகத் தோன்றினாலும், அதன் காவல் தொழில் அப்போதுதான் ஆரம்பமாகிறது. மேல்தோலின் வெளிப்படை, வளர்ந்தவருடையதைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மெல்லியது. பிறந்தவுடன் சருமத்தின் மேற்பரப்பு நடுநிலையை ஒட்டிய காரகாடித் தன்மை உடையதாயிருந்து, அடுத்துவரும் வாரங்களில்தான் கிருமிகளுக்கு ஒவ்வாத மெல்லிய அமிலத்தன்மையைப் படிப்படியாக அடைகிறது. உட்புகுந்த இரசாயனப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய ஈரலும் சிறுநீரகமும் இன்னும் பக்குவமடையாத நிலையிலேயே இருக்கின்றன.

இவற்றோடு ஒரு கணக்கையும் மனத்தில் இருத்த வேண்டும். அறுபது கிலோ நிறையுள்ள ஒருவருடைய தோலின் பரப்பு ஏறக்குறைய 1.6 சதுர மீற்றர். மூன்று கிலோ நிறையுள்ள சிசுவினுடையது ஏறக்குறைய 0.2 சதுர மீற்றர். நிறையால் பரப்பை வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோ உடம்புக்குச் சிசுவுக்கு இருக்கும் தோலின் அளவு வளர்ந்தவருக்கு இருப்பதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு என்பது தெளிவாகும். ஆகவே உடம்பு முழுவதும் ஒரே கனத்தில் லோஷன் பூசினால், சிசுவின் உடம்பு தன் நிறைக்கு இரண்டரை மடங்கு அதிகமான பொருளைச் சுமக்க நேரிடுகிறது. நெப்பி கட்டிய இடத்திலோ, ஈரமும் வெப்பமும் உராய்வும் சேர்ந்து தோலை ஊறச்செய்வதாலும், மேலே மூடியிருப்பதாலும், பூசியது உட்புகும் வாய்ப்பு இன்னும் மிகுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் காவல் மிகமிக மெல்லியது. அவர்களுக்கு வைத்தியர் சொல்லாத எதனையும் பூசுதல் ஆகாது.

நற்காப்புப் பொருள் ஏன் சேர்க்கப்படுகிறது

தண்ணீர் கலந்த எந்தக் கிறீமும் லோஷனும், இரவு மூடிவைத்த சோற்றைப் போல, காவலின்றி விடப்பட்டால் கிருமிகளுக்கு விளைநிலமாகிவிடும். ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று வீசும் நமது மலைநாட்டில், குளியலறைத் தட்டில் மூடி தளர்ந்து கிடக்கும் புட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் செல்லாது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தைவிடத் தெரியாத பக்டீரியாக்களே பொல்லாதவை. 2014 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஓர் உற்பத்தி நிறுவனம், பேர்கோல்டேரியா செபாசியா என்னும் கிருமி கலந்திருக்கக்கூடும் என்று கண்டு, குழந்தைகளுக்கான ஈரத்துடைப்பான்களைக் கடைகளிலிருந்து தானாகவே மீளப்பெற நேர்ந்தது. ஆதலால் நற்காப்புப் பொருள் என்பது உற்பத்தியாளரின் சௌகரியத்துக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. தண்ணீர் உள்ள பூச்சில் அது இல்லாதிருத்தல் தானே ஓர் அபாயம்.

இதிலிருந்து நடைமுறைக்கு மிக உபயோகமான ஒரு விதி பிறக்கிறது. தண்ணீர் உள்ள இடத்தில்தான் நற்காப்புப் பொருள் அவசியமாகிறது. வெசலின் என்று நாம் வழங்கும் பெற்றோலியம் ஜெலியிலும், வெறும் எண்ணெயிலும், கொழுப்பில் மட்டும் குழைத்த துத்தநாக ஒக்சைட்டுக் களிம்பிலும் தண்ணீர் இல்லை. ஆகவே அவற்றுக்குப் பெரும்பாலும் நற்காப்புப் பொருள் வேண்டியதில்லை. சிசுவுக்கு ஏதேனும் பூசியே தீரவேண்டிய நிலை வந்தால், தண்ணீரற்ற களிம்பை நாடினால் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் கவலைகளில் பெரும்பாதி தானே ஒழிந்துபோகும்.

சரித்திரம் புகட்டிய பாடங்கள்

சிசுக்களின் விஷயத்தில் உலகம் இவ்வளவு எச்சரிக்கையாய் இருப்பதற்குத் துயரமான காரணங்கள் உண்டு. 1972 ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தில் விற்கப்பட்ட மோராஞ்ச் என்னும் குழந்தைப் பவுடரில், ஹெக்சாகுளோரோஃபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக 6.3 சதவீத அளவுக்குக் கலந்துவிட்டது. அதைப் பூசிய குழந்தைகளில் 204 பேர் நோயுற்று, 36 பேர் உயிர் நீத்தனர். தோலின் மேல் தூவிய தூள், தோலைக் கடந்து மூளையைத் தாக்கியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு, அப்பொருளை ஒப்பனைப் பொருட்களில் நற்காப்புக்காக மட்டும், அதுவும் 0.1 சதவீதத்துக்கு மேற்படாமல் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தியது.

1982 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு வைத்திய நிலையங்களில் நிறை குறைந்து பிறந்த 16 சிசுக்களின் மரணத்துக்கு, இரத்தக் குழாய்களைக் கழுவ உபயோகித்த உப்பு நீரில் நற்காப்பாகச் சேர்க்கப்பட்டிருந்த பென்சைல் அல்கஹோலே காரணம் என்று கண்டறியப்பட்டது. அங்கே அப்பொருள் நேரே இரத்தத்தில் செலுத்தப்பட்டதே அல்லாமல் தோலில் பூசப்படவில்லை என்பதை மறக்கலாகாது. லோஷனில் அது இருக்கக்கண்டு அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் வளர்ந்தவருக்குத் தீங்கில்லாத அளவு, சிறிய உடம்புக்கும் பக்குவமடையாத ஈரலுக்கும் தீங்காகலாம் என்ற உண்மையை அந்தச் சம்பவம் வைத்திய உலகத்துக்கு அழியாமல் எழுதிவைத்தது. எப்பொருள் என்பதோடு, எவ்வளவு, எவ்வழியாக, எத்தனை முறை, எத்தனை நாள் வயதுள்ள பிள்ளைக்கு என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

பெயர் பெயராக

இனிப் புட்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் நற்காப்புப் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஒப்பனைப் பொருட்களுக்குத் தனியான பாதுகாப்பு மதிப்பீடு செய்யவேண்டும் என்று விதித்திருப்பதால், அங்குள்ள அளவுகளை நாம் அளவுகோலாகக் கொள்வது பொருத்தம்.

பராபென்கள். அதிகமாகத் தூற்றப்படுவது இந்தக் குடும்பமே. ஆனால் இதன் உறுப்பினர் யாவரும் ஒரே தன்மையினர் அல்லர். மெதைல் பராபென், எதைல் பராபென் ஆகியவை தனியே 0.4 சதவீதம் வரை ஐரோப்பாவில் அனுமதிக்கப்படுகின்றன. ஒவ்வாமை உண்டாக்குவதிலும் இவை மிகச் சாதுவானவை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2019 ஆம் ஆண்டில் பராபென்களை ‘ஒவ்வாமை அற்ற பொருள்’ என்று சிறப்பித்துக் கூறியது இதனாலேயே. புரொப்பைல், பியூட்டைல் பராபென்களோ, மிக மெல்லிய அளவில் பெண்மை ஓமோனின் செயலை ஒத்திருக்கின்றன என்ற ஐயத்தின் பேரில், 2011 இல் டென்மார்க் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருட்களில் அவற்றைத் தடை செய்தது. 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் அளவை 0.14 சதவீதமாகக் குறைத்து, அவ்வயதுக் குழந்தைகளின் நெப்பிப் பகுதியில் பூசிவிடும் பொருட்களில் அவற்றை அறவே விலக்கியது. ஐசோபுரொப்பைல், ஐசோபியூட்டைல் போன்ற சில பராபென்கள் எல்லோருக்குமே விலக்கப்பட்டன. ஆகவே நெப்பிக் கிறீமில் விலக்கப்பட்ட இப்பெயர்கள் இருக்கக்கண்டால் வாங்காது விடுக.

மெதைல் ஐசோதையசோலினோன். ஒவ்வாமை விஷயத்தில் இக்காலத்தில் மிகுந்த இடர் விளைத்தது இதுவே. முன்பு வேறொரு பொருளோடு கலந்து மிகச் சிறிய அளவில் உபயோகிக்கப்பட்ட இது, 2005 முதல் ஐரோப்பாவில் தனியே 0.01 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. அதன்பின் தோல் அழற்சியோடு வருவோர் தொகை மளமளவென்று பெருகியது. 2014 இல் அமெரிக்கக் குழந்தை வைத்திய சஞ்சிகையொன்றில், நெடுநாள் ஆறாத புண்போன்ற தடிப்புடன் வந்த ஆறு பிள்ளைகளைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. வாயையும் பிட்டத்தையும் துடைத்த ஈரத்துடைப்பானில் இருந்த இப்பொருளே காரணம் என்று அறிந்து அதை நிறுத்தியதும் அவர்களுக்குக் குணம் கண்டது. 2017 முதல் கழுவாமல் விடும் பூச்சுகளில் ஐரோப்பா இதனைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருட்களிலும் 0.0015 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. சிசுவின் லோஷனிலோ, ஈரத்துடைப்பானிலோ இப்பெயர் இருந்தால் அதை வைத்திருக்கவே வேண்டாம்.

ஃபோர்மல்டிஹைட்டை வெளியிடுவன. குவாட்டர்னியம்-15, டிஎம்டிஎம் ஹைடன்டோயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, புரோனோபோல் ஆகியவை புட்டிக்குள் இருந்தபடியே சிறிது சிறிதாக ஃபோர்மல்டிஹைட்டை வெளியிட்டுக் கிருமிகளைக் கொல்கின்றன. அதன் ஒவ்வாமைக் குணம் பிரசித்தமானது. 2019 மார்ச்சில் இந்தியாவின் ராஜஸ்தான் மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளர், ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் குழந்தை ஷாம்பு மாதிரியில் ஃபோர்மல்டிஹைட் இருந்ததாக அறிவித்தார். தாங்கள் அதனையோ அதனை வெளியிடும் பொருளையோ சேர்ப்பதில்லை என்று நிறுவனம் அம்முடிவை மறுத்தது. அந்த விவகாரத்தின் முடிவு எதுவாயினும், இக்குடும்பத்தைச் சேராத ஷாம்புகள் தாராளமாகக் கிடைக்கும்போது, சிசுவுக்கு இவற்றை நாடவேண்டிய நிர்ப்பந்தம் எதுவுமில்லை.

ஃபீனொக்சிஎதனோல். பராபென்கள் அவப்பெயர் பெற்றபின் அவற்றின் இடத்தைப் பிடித்தது இது. இன்று குழந்தைப் பொருட்கள் பலவற்றில் இதனையே காணலாம். 2012 இல் பிரெஞ்சு மருந்துப் பாதுகாப்பு நிறுவனம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நெப்பிப் பகுதியில் இதை விலக்கவும், ஏனைய பொருட்களில் 0.4 சதவீதத்துக்குள் வைக்கவும் ஆலோசனை கூறியது. 2016 இல் ஐரோப்பிய விஞ்ஞானக் குழு 1 சதவீதம் வரை எவ்வயதினருக்கும் பாதுகாப்பானதே என்று தீர்ப்பளித்தது. அறிஞர்கள் இருபக்கம் நிற்கும்போது தாய்க்கு வழி யாதெனில், கழுவிவிடும் பொருளில் இதைக் கண்டு அஞ்சாமலும், நெப்பிப் பகுதியில் நாள்தோறும் பூசும் பொருளில் இதைத் தவிர்த்தும் நடந்துகொள்வதே. பாலூட்டும் தாய்மார் ஒன்றைக் குறிப்பாக அறிய வேண்டும். 2008 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஃபீனொக்சிஎதனோலும் குளோர்ஃபெனெசினும் சேர்ந்த முலைக்காம்புக் கிறீமொன்று, பால் குடிக்கும் சிசுவின் வாய் வழியே உட்சென்று நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தி, வாந்தியும் உடல் நீரிழப்பும் உண்டாக்கக்கூடும் என்று எச்சரித்தது. தாயின் மார்பில் பூசுவது பிள்ளையின் வாய்க்கே செல்கிறது. வெடிப்புக்குத் தாய்ப்பாலின் சில துளிகளைத் தடவி உலரவிடுவதே முதற் சிகிச்சை.

சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சோர்பேட். உணவுப் பண்டங்களிலும் சேர்க்கப்படும் இவை, அமிலத்தன்மையுள்ள கலவையில் நன்கு வேலை செய்கின்றன. உரிய அளவில் குழந்தைப் பொருட்களுக்கு இவை ஏற்றவை; சில குழந்தைகளுக்கு வாயைச் சுற்றிச் சற்றுச் சிவப்பு உண்டாகலாம், அது விரைவில் மறையும்.

இவை தவிர, ஐயடோபுரொப்பைனைல் பியூட்டைல்கார்பமேட் என்னும் நீண்ட பெயருடைய பொருளைக் குளியல் திரவமும் ஷாம்புவும் தவிர்ந்த மற்றவற்றில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஐரோப்பா அனுமதிப்பதில்லை. நம் வீடுகளில் பழங்காலத்திலிருந்து வழங்கும் போரிக் அமிலத் தூளும் வெங்காரமும் சிசுக்களுக்கு நஞ்சாக முடிந்ததுண்டு. அவை தொட்டிலருகே இருக்கவே கூடாது.

‘இயற்கை’ என்ற சொல்லைக் குறித்து

கண்டி மாத்தளை வீதியின் இருமருங்கிலும் வாசனைத் தோட்டங்கள் நிறைந்திருப்பதாலும், கறுவா, கறாம்பு, சாதிக்காய் வியாபாரத்தில் அக்குறணையார் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வருவதாலும், மூலிகைத் தைலத்தின் மீது நமக்குள்ள பற்று இயல்பானது. ஆயினும் கறாம்பிலுள்ள யூஜினோலும், கறுவாவிலுள்ள சின்னமல்டிஹைட்டும் கிருமிகளை அடக்கும் வல்லமை உடையனவாயிருப்பதோடு, தோல் ஒவ்வாமைக்குப் பெயர்பெற்ற வாசனைப் பொருட்களாகவும் உள்ளன. கழுவாமல் விடும் பூச்சில் 0.001 சதவீதத்துக்கு மேற்பட்டால் அவற்றின் பெயரைப் புட்டியில் தனியே பொறிக்கவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மரத்தில் விளைந்தது என்ற காரணத்தால் ஒரு பொருள் சிசுவுக்குச் சாதுவாகிவிடுவதில்லை.

வீட்டிலே காய்ச்சி, பழைய புட்டியில் ஊற்றி, நற்காப்பு எதுவும் சேராதது என்று விற்கப்படும் தண்ணீர் கலந்த கிறீம்களை வாங்குவது, தெரிந்த சிறு அபாயத்தைத் தவிர்க்கப்போய்த் தெரியாத பேரபாயத்தை மேற்கொள்வதாகும்.

சைத்தூன் எண்ணெய் எனப்படும் ஒலிவ எண்ணெயைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மார்க்கப் பற்றோடு அதை மதிக்கும் வீடுகளில் அதனை உணவாகக் கொள்வதற்கு எவ்விதத் தடையுமில்லை. ஆனால் பிறந்த பிள்ளைகள் 115 பேரிடம் மன்செஸ்டரில் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒலிவ எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாள்தோறும் பூசிய சிசுக்களின் தோலில், இயற்கையான கொழுப்புப் படலம் ஒழுங்குபட அமைவது தாமதமாவதைக் காட்டியது. ஆதலின் சிசுவின் தோலுக்கு அதை நித்தியப் பூச்சாக்குதல் உசிதமன்று.

புட்டியின் முதுகை வாசிக்கும் முறை

புட்டியின் முன்பக்கம் விளம்பரத்துக்கு உரியது. பின்பக்கமே உங்களுக்கு உரியது. அங்கே சேர்மானப் பொருட்கள் அதிகமானது முதலிலும் குறைந்தது பின்னாலுமாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதற் பெயர் ‘அக்வா’ என்றிருந்தால் அது தண்ணீர். அப்படியாயின் நற்காப்புப் பொருள் எங்கேனும் இருந்தே தீரும். அது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் குறைவாகச் சேர்க்கப்படுவதால், பட்டியலின் கடைசி நான்கைந்து பெயர்களுக்குள் அதனைத் தேடுக. பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்குமாதலால், இந்த அத்தியாயத்தைப் பாமசியில் உள்ளவரிடம் காட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘பர்ஃபம்’ அல்லது வாசனை என்ற சொல் இருந்தால், அதுவும் நற்காப்புப் பொருளைப் போலவே சருமத்தை உறுத்தக்கூடியது என்பதையும் நினைவிற்கொள்க. திறந்த ஜாடியின் சிறு படத்துக்குள் ‘12 எம்’ என்றிருந்தால், திறந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது பொருள்.

தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி ஆகியவை இல்லாத புட்டியை மலிவு கருதி வாங்க வேண்டாம். நமது நாடாகிய இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஒப்பனைப் பொருட்களை மருந்துகளோடு சேர்த்துக் கட்டுப்படுத்தி வந்தது. அதன் இடத்துக்கு 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பிரதான பொறுப்பு மருந்துகளும் மருத்துவ சாதனங்களும், மருந்துக்கும் பிறவற்றுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுப் பொருட்களுமே. ஆகவே லோஷன், கிறீம் விஷயத்தில் வாங்குகிறவரின் கண்ணே முதற் காவல். ஐயத்துக்கிடமான பொருளைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

அன்றாட நடைமுறை

குடும்ப நல உத்தியோகத்தர் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் முதல் நாட்களில், பின்வருவது போன்ற ஒரு பேச்சு எத்தனையோ வீடுகளில் நிகழ்வதுண்டு.

“மிஸ்ஸி, தோல் உரியுதே, லோஷன் பூசாட்டி புள்ளக்கி வெடிச்சிப் போகாதா?” என்று உம்மும்மா கேட்பார்.

“இல்ல உம்மா, உள்ளுக்கு இரிந்த புள்ள வெளிக்காத்துக்கு வந்தா இப்பிடித்தான் உரியும். ரெண்டு கிழமையில தானா செரியாகும், ஒண்டும் பூச வாணாம்.”

அந்தப் பதிலில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆரோக்கியமாகப் பிறந்த நிறைமாதப் பிள்ளைக்குத் தோல் நோயைத் தடுப்பதற்கென்று வழக்கமாகப் பூச்சுகள் பூசுவதை 2022 இல் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கவில்லை. பிரித்தானியாவில் 1394 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதலாண்டு முழுவதும் நாள்தோறும் பூச்சிட்டும் எக்ஸிமா குறையவில்லை என்று தெரிந்தது. அதிலும் நம்மூரின் ஈரக்காற்றில், குளிர்தேசங்களில் போலத் தோல் வறண்டு வெடிக்கும் நிலை அரிது.

ஆகவே முதல் மாதத்துக்கு இவ்வாறு நடந்துகொள்க. பிறந்து 24 மணி நேரம் கழியுமுன் குளிப்பாட்ட வேண்டாம். உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்பூச்சை உரசி எடுக்க வேண்டாம். அதன்பின் வெதுவெதுப்பான வெறும் நீரே போதும். வேண்டுமாயின் வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தை நெப்பிப் பகுதிக்கும் மடிப்புகளுக்கும் மட்டும் சிறிதளவு தொட்டு, நன்றாகக் கழுவிவிடுக. மலசலம் கழித்தால் பஞ்சும் நீரும் கொண்டு துடைத்து ஒற்றி உலரவிடுக. பிரயாணத்தில் ஈரத்துடைப்பான் தேவைப்பட்டால் குற்றமில்லை. மன்செஸ்டரில் 280 சிசுக்களிடம் நடத்திய சோதனையில், நன்கு தயாரித்த துடைப்பான் பஞ்சுக்கும் நீருக்கும் குறைந்ததாக இருக்கவில்லை. வாசனையும் மெதைல் ஐசோதையசோலினோனும் இல்லாததைத் தெரிந்தெடுத்தால் சரி. நெப்பி பட்ட இடம் சிவந்தால், அடிக்கடி மாற்றி, காற்றுப் படவிட்டு, தண்ணீரற்ற துத்தநாகக் களிம்பையோ வெசலினையோ மெல்லியதாகப் பூசுக. தொப்புளில் எதையும் இடாமல் சுத்தமாகவும் உலர்வாகவும் வைக்கவும்.

பவுடர் சிசுவுக்கு எவ்விதத்திலும் அவசியமில்லை. அதன் தூள் மூச்சுக்குழலில் செல்லும். 2019 இல் நமது மருந்து அதிகாரசபை, கல்நார் கலப்பில்லை என்ற சான்று கிடைக்கும்வரை ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழந்தைப் பவுடரின் இறக்குமதியை நிறுத்திவைத்ததும் இத்தூளைப் பற்றிய ஐயத்தால்தான். கொலோனில் உள்ள மதுசாரமும் வாசனையும் சிசுவின் தோலுக்கு ஒவ்வாதவை; பிள்ளையை மணக்கச் செய்யவேண்டும் என்ற ஆசை தீராவிட்டால், பெரியவர்கள் தங்கள் உடுப்பில்கூடத் தெளிக்காமல், பிள்ளையின் இயல்பான மணத்தையே முகர்ந்து மகிழட்டும்.

புதிய பொருளைத் தொடங்கும்போது ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குக. ஒவ்வாமைத் தடிப்பு தொட்டவுடனே தோன்றாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தே தோன்றுவதால், நான்கைந்தை ஒன்றாகப் பூசினால் குற்றவாளி எதுவென்று கண்டுபிடிக்க இயலாது.

அலுமாரிக்குள் இருக்கும் அபாயம்

பூச்சுப் பொருளிலுள்ள நற்காப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீட்டிலே, துணிகளைப் பூச்சியிலிருந்து காக்க இடும் நெப்தலீன் உருண்டையை யாரும் நினைப்பதில்லை. மூத்த பிள்ளையின் உடுப்புகளையும் போர்வைகளையும் இவ்வுருண்டைகளோடு கட்டிவைத்து, இளைய பிள்ளை பிறந்ததும் அப்படியே எடுத்து அணிவித்தால், அதன் ஆவி சுவாசத்தாலும் தோலாலும் உட்புகும். ஜீ6பிடி என்னும் நொதியக் குறைபாட்டோடு பிறந்த சிசுக்களில் அது இரத்தத்தின் செவ்வணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை விளைவிக்கும். மூளையைப் பாதித்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஆகவே நெப்தலீனோடு வைத்த துணியைச் சிசுவுக்குத் தரவே வேண்டாம். பிள்ளை இருக்கும் அறையின் அலுமாரியிலும் அது இருக்க வேண்டாம். கற்பூரமும் மென்தோலும் சேர்ந்த தைலங்களையும் சிசுவின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவுவது ஆகாது.

எப்போது வைத்தியரிடம் செல்வது

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் மார்பிலும் முதுகிலும் தோன்றும் சிவப்புத் திட்டுகளும், அவற்றின் நடுவே வெளிறிய சிறு புள்ளிகளும் பெரும்பாலும் இயல்பானவை. ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். ஒரு பொருளைப் பூசிய இடத்தில் மட்டும் எல்லை கட்டினாற்போல் சிவந்து, தடித்து, நீர் கசிந்தால், எல்லாப் பூச்சையும் நிறுத்தி வெறும் நீரால் கழுவி, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுக. பெயரைச் சொல்வதைவிடப் புட்டியைக் காட்டுவதே வைத்தியருக்கு உதவும். சீழ்க் கொப்புளம், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, 38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், பால் குடியாமை, சோர்வு, உள்ளங்கால்வரை பரவிய மஞ்சள் நிறம் ஆகியவற்றில் ஒன்றேனும் தென்பட்டால், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல், அக்குறணை அரசாங்க வைத்தியசாலைக்கோ, பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுசெல்லுக. வாகன வசதியில்லையேல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களிடம் முடிவாக ஒரு வேண்டுகோள். பரிசுப் பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் மென்மையான பருத்தித் துணிகளும், நல்ல பஞ்சும், பிள்ளை பெற்ற தாய்க்குச் சத்துள்ள உணவும் வாங்கிக் கொடுங்கள். முதல் மாதத்தில் சிசுவின் தோல் வேண்டுவது வெதுவெதுப்பான நீர், உலர்ந்த துணி, தாயின் உடம்புச் சூடு ஆகிய மூன்றே. வேறெதையும் பூசுமுன் அது அவசியந்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அவசியமில்லையென்றால், எத்தனை நல்ல புட்டியாயினும் மூடியைத் திறவாதிருங்கள்.